பெட்ரோல் வாடையைத் தேடிப் போன ஆறு வாரம்

காலையில் ஷெட் கதவைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை அடித்தது. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த ஷெட். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பானெட்டைத் திறந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயின் மூட்டுகளை விரலால் தடவினேன், எல்லாம் காய்ந்திருந்தது. கதவைத் திறந்து வைத்த பத்து நிமிஷத்தில் வாடையும் போய்விட்டது. நேற்று பெட்ரோல் போட்டபோது கொஞ்சம் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாளும் அதே வாடை. அதற்கடுத்த நாள் அம்மா ஷெட்டுக்குள் போய்விட்டு வந்து, "உள்ள நிக்க முடியல, தலை வலிக்குது. என்னன்னு பாரு" என்றார். அன்று மாலையே செக் என்ஜின் விளக்கும் எரிந்தது.

வண்டி 2002 மாடல். அப்பா வாங்கி, பதினைந்து வருடம் ஓட்டி, பிறகு என் கைக்கு வந்தது. எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது எல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டதுதான். ஆனால் பெட்ரோல் ஆவி போகும் வழியை அவரும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பி0456 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டியது. ஆவிக் குழாய்களில் மிகச் சிறிய கசிவு என்று அர்த்தம்.

மிகச் சிறிய என்றால் எவ்வளவு சிறிய? 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை. பேனாக் கடையில் '0.5' என்று போட்டிருக்கும் ஜெல் பேனாவின் முனையில் இருக்கும் குண்டு அந்த அளவுதான். டேங்கில் ஆரம்பித்து என்ஜின் வரைக்கும் போகிற குழாய், மூட்டு, வால்வு, வாஷர் இத்தனையிலும் எங்கோ ஒரு பேனா முனை ஓட்டை இருக்கிறது, அதை வண்டியே கண்டுபிடித்துச் சொல்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பழைய கம்ப்யூட்டர் இதைச் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பெட்ரோல் டேங்க் மூச்சு விட வேண்டும். சூடு ஏறினால் உள்ளே ஆவி பெருகும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய காலத்து வண்டிகளில் மூடியில் ஒரு துளை இருக்கும், ஆவி அப்படியே வெளியே போய்விடும். அந்த ஆவி வெயிலில் மற்ற புகையோடு சேர்ந்து ஓசோனாக மாறி ஊரையே மூச்சுத் திணற வைக்கிறது என்று ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பிறகுதான் சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் வண்டிகளிலிருந்து, அமெரிக்கா முழுக்க 1971 மாடலிலிருந்து, ஆவியைப் பிடித்து வைத்தாக வேண்டும் என்றாயிற்று.

பிடித்து வைப்பது ஒரு கரி டப்பா. கேனிஸ்டர் என்பார்கள். உள்ளே இருப்பது சாதாரணக் கரி இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும். நிற்கும் வண்டியின் டேங்க் ஆவி அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது என்ஜின் பக்கத்தில் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும். என்ஜினின் உறிஞ்சும் வேகத்தில் கரியிலிருந்து ஆவி கழன்று என்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். அதற்கு ஈடான வெளிக்காற்று கரி டப்பாவுக்குள் வருவது இன்னொரு வால்வு வழியாக. அது வென்ட் வால்வு. ஆக, வீணாகப் போகும் பெட்ரோலும் நமக்கே திரும்புகிறது.

இந்த இரண்டு வால்வுகளின் குணத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பர்ஜ் வால்வு கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும். வென்ட் வால்வு கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க வண்டி வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வழியாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பர்ஜையும் மூடிவிட்டு, டேங்கில் இருக்கும் அழுத்த சென்சாரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய நிலை அப்படியே நின்றால் நல்லது. மெல்ல மெல்லச் சரிந்தால் எங்கோ ஓட்டை. எல்லா வண்டியும் இதே முறையில் பார்ப்பதில்லை, என் வண்டி இப்படித்தான் பார்க்கிறது.

சரி, எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். பெட்ரோல் மூடியை மாற்றினேன். பழைய மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு இடத்தில் நகத்தால் கீறினாற்போல வெடிப்பு இருந்தது, அதனால் மாற்றியது தப்பில்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். ஒரு வாரம் விளக்கு எரியவில்லை. வாடை மட்டும் குறையவே இல்லை. அதை நான் பொருட்படுத்தியிருக்க வேண்டும். விளக்கு எரியாததற்குக் காரணம், குறியீட்டை அழித்தால் வண்டி தன் பரிசோதனைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கசிவுப் பரிசோதனை நினைத்த நேரத்தில் ஓடாது. டேங்கில் பெட்ரோல் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும், வண்டி பல மணி நேரம் நின்று ஆறியிருக்க வேண்டும், வெளியே ரொம்பக் குளிரோ ரொம்ப வெயிலோ இருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் தொடர்ந்து இரண்டு ஓட்டத்தில் தவறினால்தான் விளக்கு எரியும். அந்த ஒரு வாரத்தில் நான் முழு டேங்க் போட்டிருந்தேன். பரிசோதனை ஓடவே இல்லை.

மூன்றாவது வாரம் விளக்கு திரும்ப வந்தது. இப்போது பி0442. சிறிய கசிவு; அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவு. ஓட்டை வளர்ந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பர்ஜ் வால்வு, வென்ட் வால்வு, கேனிஸ்டர் மூணையும் மாத்திடுங்க" என்றார்கள். மூன்றும் சேர்த்து மாற்ற எனக்கு மனமில்லை, ஆனால் பர்ஜ் வால்வை மட்டும் வாங்கிவிட்டேன். வாங்கி வந்த பிறகுதான் பழையதைக் கழற்றிச் சோதித்தேன். வரிசை தலைகீழ். கையால் அழுத்தும் வேக்யூம் பம்பைப் பழைய வால்வில் மாட்டி உறிஞ்சினேன். ஊசி ஏறி நின்றது, ஐந்து நிமிஷம் கழித்தும் மயிரிழைகூட இறங்கவில்லை. பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், ஊசி பூஜ்யத்துக்கு விழுந்தது. இதைவிட நல்ல வால்வு இருக்க முடியாது. அதன் குழாய் முனையை வெள்ளைத் துணியில் தட்டியும் பார்த்தேன். கரி டப்பா உள்ளே உடைந்திருந்தால் கறுப்புப் பொடி கொட்டும். துணி வெள்ளையாகவே இருந்தது. பழைய வால்வையே திரும்ப மாட்டினேன். புதியது இன்னும் அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் யாராவது வாயால் ஊதிப் பார்க்கலாமே என்று நினைத்தால், வேண்டாம். அந்தக் குழாய்களில் இருப்பது பெட்ரோல் ஆவி.

இனி ஓட்டையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பொருளும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் புகை மெஷின் இருக்கிறது, குழாய்களுக்குள் புகையை அனுப்பினால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது வெளியே வரும். வீட்டிலேயே டப்பாவும் சூடாகும் கம்பியும் வைத்துப் புகை மெஷின் செய்யும் வீடியோக்கள் நிறைய உண்டு. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்கு அது போதுமோ என்னவோ, பெட்ரோல் டேங்குக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அண்ணனின் மெஷின் எண்ணெய்ப் புகையை நைட்ரஜனில் கலந்து அனுப்புகிறது. டேங்குக்குள் புதிதாக ஆக்சிஜன் போவதில்லை.

"அழுத்தம் எவ்ளோ வைக்கணும் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டார். அரை பி.எஸ்.ஐ.கூட முழுசாக இல்லை. டயரில் முப்பதுக்கு மேல் அடிக்கிறோம், இங்கே அதில் அறுபதில் ஒரு பங்கு. நிமிர்த்தி வைத்த குழாயில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்குப் போய் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டினால் நன்றாக இருக்கும் மூட்டும் பிய்ந்துவிடும்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். என்ஜின் பக்கத்தில் பச்சை மூடி போட்ட ஒரு சின்ன நாசில் உண்டு, இந்தச் சோதனைக்கென்றே வைத்தது. எல்லா வண்டியிலும் இருக்காது. அதில் மெஷினை மாட்டினோம். முதலில் வென்ட் வழியாகப் புகை தாராளமாக வெளியே வந்தது. வழி அடைபடவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பிறகு வென்ட் குழாயின் வாயை ரப்பர் அடைப்பானால் மூடினார்.

மெஷினில் நிமிர்ந்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குண்டு. கசிவு இருந்தால் குண்டு மிதக்கும், இல்லாவிட்டால் அடியில் போய் உட்காரும். குண்டு பாதி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரி டப்பா பக்கம் போனார். நான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பின் விளிம்பிலிருந்து ஒரு நூல் இறங்கியது. புகை என்று சொல்ல முடியாது; ஊதுபத்தியை அணைத்த பிறகு கடைசியாக வருமே, அவ்வளவு மெல்லிசாக. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது, நேராகப் பிடித்தால் மறைந்தது. அது காற்றில் ஆடாமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இங்க வாங்க" என்றேன். எனக்குக் குரலே எழும்பவில்லை. ஐந்து வாரமாகத் தேடிய இடம்.

மறைப்பைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஊற்றும் குழாய். மூடியிலிருந்து டேங்க் வரை போகும் இரும்புக் குழாய் அது. அதை வண்டியோடு பிடித்திருக்கும் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் சத்தம் வராமலிருக்க ஒரு ஸ்பாஞ்ச் வைத்திருந்தார்கள். இருபது வருடமாகச் சக்கரம் அடித்த சேறும் தண்ணீரும் அந்த ஸ்பாஞ்சில் ஊறி, காயவே காயாமல் இருந்திருக்கிறது. ஸ்பாஞ்சை விரலால் இழுத்தேன், அதோடு துருவும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது, மரப்பட்டை மாதிரி. ஸ்பாஞ்ச் மூடியிருந்த இடத்தில் மூன்று ஊசி ஓட்டைகள். வெளியே தெரிகிற பாகம் முழுக்கப் பெயின்ட் பளபளவென்று இருக்க, மறைந்த இரண்டு அங்குலம் மட்டும் அரித்துப்போயிருந்தது. பெட்ரோல் சொட்டாததற்கும் காரணம் புரிந்தது. ஓட்டைகள் குழாயின் மேல்பக்கம் இருந்தன, பெட்ரோல் அடிப்பக்கமாக ஓடிவிடும், ஆவி மட்டும் மேலே கசியும்.

இதை எப்படிச் சரி செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எபாக்ஸி பூசலாம் என்பார்கள், துருப்பிடித்த தகட்டில் அது எத்தனை நாள் பிடித்திருக்கும்? வெல்டிங் வைக்கலாம் என்பதைக் காதிலேயே போட்டுக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் டேங்கோடு சேர்ந்த குழாயில் நெருப்பைக் கொண்டுபோனவர்கள் கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு. புதுக் குழாய் வாங்கினேன். டேங்கோடு அதை இணைக்கும் ரப்பர் ஓஸ், கிளாம்ப் இரண்டையும் கூடவே வாங்கினேன்.

மாற்றுகிற வேலைக்கு ஒரு சனி, ஞாயிறு ஆனது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்கும் வரை ஓட்டினேன். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினால், குழாயைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூவில் இரண்டு வந்தன. மூன்றாவது தலை உருண்டுவிட்டது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்பியதும் முனகிக்கொண்டே வந்தது. அவசரப்பட்டு முதல் நாளே திருகியிருந்தால் உடைந்திருக்கும். குழாயை உருவியதும் டேங்கின் வாயில் ஒரு கையுறையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு மூடினேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய குழாயில் ஒரு மெல்லிய எர்த் ஒயர் இருந்தது. ஒரு முனை குழாயில், மறு முனை வண்டியின் உடம்பில். பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் பொறியாக மாறாமல் இறங்கிப்போவதற்காக வைத்தது. மேலே துரு மூடி, பார்க்க வேண்டாத உதிரிபாகம் போல இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகே மாட்டினேன். புதுக் குழாய்க்குப் பட்டை உட்காரும் இடத்தில் துருத் தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். ஸ்பாஞ்சைத் திரும்ப வைக்கவில்லை. தண்ணீரைக் குடிக்காத ரப்பர் துண்டு ஒன்றை வெட்டி வைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் அண்ணன் மெஷினோடு வந்தார். மாட்டினோம். குண்டு இறங்கியது, ஆனால் உட்காரவில்லை. அடியிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் துடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அண்ணன், ரொம்ப சாதாரணமாக. பெரிய ஓட்டை இருக்கும்போது புகை எல்லாம் அந்த வழியே போய்விடும், சின்னது தன்னைக் காட்டிக்கொள்ளாது. இந்த முறை தேட அதிக நேரம் ஆகவில்லை. கரி டப்பாவிலிருந்து என்ஜின் பக்கம் போகும் ரப்பர் ஓஸ், டப்பாவில் ஏறும் முனையில். சும்மா பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. கையால் லேசாக வளைத்ததும் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நெடுக்காக வெடிப்புகள் வாய் திறந்தன. வறண்ட உதடு சிரித்தால் வெடிக்குமே, அதே மாதிரி. ஒரு வெடிப்பிலிருந்து புகை வந்தது. இந்த முனையில் ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது, ஓஸின் நடுப்பகுதியோ இன்னும் மிருதுவாக இருந்தது.

கையில் இருந்த தண்ணி ஓஸை வெட்டி மாட்டிவிட ஆசை வந்தது. அண்ணன் விடவில்லை. தண்ணி ஓஸின் ரப்பர் பெட்ரோல் ஆவி பட்டால் ஊதிப்போய், பிறகு பிசுபிசுத்துவிடும். இந்த இடத்துக்கென்று உள்ள ஓஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரக்குறியை மேலேயே அச்சடித்திருக்கும். மறுநாள் அதை வாங்கி வந்து மாட்டினோம். அதோடு அதே வயதில் இருந்த மற்ற இரண்டு சின்ன ஓஸ்களையும் மாற்றினேன், அவை கசியாவிட்டாலும்.

மூன்றாவது முறை மெஷினைப் போட்டபோது குண்டு கொஞ்சம் எழுந்து, தயங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எழும்பவே இல்லை.

கரி டப்பாவைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. அப்பாவுக்கு பங்க்கில் பெட்ரோல் பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிற பழக்கம். அப்படி ஊற்றினால் பெட்ரோல் திரவமாகவே கரி டப்பாவுக்குள் போகும். கரி நனைந்துவிட்டால் அதன் வேலையை அது செய்யாது. ஓஸ் மாற்றும்போது டப்பாவையே இறக்கிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சளசளப்பு இல்லை, கை கனக்கவும் இல்லை. பிழைத்துக்கொண்டது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், 'டக்' என்றால் அத்தோடு சரி.

இந்த முறை குறியீட்டை அழித்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்பதை வைத்துத் திருப்திப்படவில்லை. அரை டேங்க் பெட்ரோல் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஆறிய வண்டியை எடுத்து ஓட்டி, ஸ்கேனரில் கசிவுப் பரிசோதனை என்ற வரியை மட்டும் பார்த்தேன். முதல் மூன்று நாள் 'முடியவில்லை'. நான்காவது நாள் காலை 'முடிந்தது' என்று மாறியது. புதுக் குறியீடு எதுவும் இல்லை. ஒரு ஓட்டத்தில் தவறி அடுத்ததற்காகக் காத்திருக்கும் குறியீடுகளின் பட்டியலும் காலி.

ஷெட் வாடை அதற்கு முன்பே போயிருந்தது. அம்மா இப்போது தன் செடித் தொட்டிகளைத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. டேங்கின் தலையில் பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்தில் ஒரு பெரிய ரப்பர் வளையம் இருக்கிறது, அதுவும் 2002இல் போட்டதுதான். புகைச் சோதனையில் அங்கே ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அந்த ஓஸ் முனையை வளைத்துப் பார்த்த பிறகு அந்த வளையத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. புது வளையம் வாங்கியாயிற்று. பூட்டு வளையத்தைத் தட்டிக் கழற்றப் பொறி கிளப்பாத பித்தளை உளி ஒன்றை அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அடுத்து டேங்க் கால்வாசிக்கு இறங்கும்போது அந்த இடத்தை மறைத்திருக்கும் பின் சீட்டைத் தூக்கிவிட வேண்டியதுதான்.